சார் மோந்து பார்த்துவிட்டார்

சூளகிரியைத் தாண்டிக் குருபரப்பள்ளிக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரிக்கு அறிவியல் என்ற ஒன்று ஆஞ்சப்பன் சாரோடுதான் வந்து சேர்ந்தது. அவர் வேலைக்கு வந்தபோது கல்லூரி என்பதே நெடுஞ்சாலையோரம் நின்ற இரண்டு தகரக் கொட்டகைகள்தான். வேதியியலுக்கென்று எடுத்த ஆளையே இயற்பியலுக்கும் நிறுத்தினார்கள். தாவரவியல் டீச்சர் பிரசவத்துக்குப் போனதும் அதுவும் அவர் தலையில் விழுந்தது. கிரகணம் வந்தால் விளக்கம் சொல்வதும் அவர்தான், மோட்டார் புகைந்தால் கூப்பிடுவதும் அவரைத்தான். சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்கானது.

இதையெல்லாம் அவர் குறையாகச் சொன்னதே இல்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் ஒரே பிரசங்கம்தான். "அமெரிக்காவுல காலேஜுங்க மொளச்ச காலத்துல ஒரு காலேஜுக்கு ஒரே ஒரு சயின்ஸ் புரொபசர்தான். கெமிஸ்ட்ரியும் அவரே, கல்லு மண்ணு ஆராய்ச்சியும் அவரே, வானமும் அவரே. ஊர்ல எவன் கெணத்துத் தண்ணி கசந்தாலும் அவர்கிட்டதான் கொண்டாருவான். மெஷின் கெடையாது. மோந்து பாப்பாரு, நக்கிப் பாப்பாரு, சொல்லிருவாரு." சொல்லும்போது மார்பு கொஞ்சம் விரியும். பையன்கள் அவருக்கு 'அமெரிக்கா சார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டே இல்லாத மனுஷன். பெங்களூரை விட்டால் பார்த்தது திருப்பதி மட்டும்தான்.

அந்தப் பேரையும் மிஞ்சியது அவருடைய மூக்கின் புகழ். கொடுத்த உப்பு என்னவென்று கண்டுபிடிக்கும் சால்ட் அனாலிசிஸ் நடக்கிற நாளில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததுமே, "மூணாவது மேசையில அசிட்டேட், ஜன்னலோரம் சல்ஃபைடு, நீ ஏம்மா டார்ட்ரேட்ட வெச்சுக்கிட்டு முழிக்கற?" என்று சொல்லிக்கொண்டே நடப்பார். சிப்காட் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனியில் கேஸ் கசிந்தபோது, அங்கிருந்த இன்ஜினியர்கள் மேனுவலைப் புரட்டிக்கொண்டிருக்க, இவர் கேட்டிலேயே நின்று இன்ன வாயு என்று சொன்னாராம். பாரூர் ஏரிப் பக்கத்திலிருந்தெல்லாம் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள்.

கிணற்று வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. நாள்பட்ட கிணற்றில் தூர் வாரப் போகிறவர்கள் சாரைக் கூட்டிவந்து நிறுத்துவார்கள். அவர் விளிம்பில் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "எறங்கலாம்" என்பார். இல்லையென்றால் "ரெண்டு நாள் தொறந்து போடுங்க" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. 'சார் மோந்து பார்த்துவிட்டார்' என்றால் தாசில்தார் கையெழுத்துப் போட்ட மாதிரி.

ஆரம்பத்தில் அவர் எரியும் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்; மூச்சுக்காற்று இல்லையென்றால் அது அணைந்துவிடும். லெட் அசிட்டேட்டில் நனைத்த காகிதத்தையும் விடுவார். அடியில் விஷவாயு இருந்தால் காகிதம் கறுத்துவிடும். ஆனால் காகிதத்துக்கு யாரும் வாய் பிளக்கவில்லை. மூக்குக்குத்தான் வாய் பிளந்தார்கள். படித்த மனுஷனுக்கு இந்த இடத்தில் புத்தி வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மெழுகுவத்தி முதலில் நின்றது, பிறகு காகிதமும் நின்றது. மூக்கு மட்டும் மிஞ்சியது, அது ஒரு தடவைகூடத் தப்பவும் இல்லை. அதுதான் வினை.

கொரோனா இரண்டாவது அலையில் அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. எழுந்து உட்கார்ந்தபோது காபியில் மணம் இல்லை. சோப்பில் இல்லை, மல்லிகையில் இல்லை. கிருஷ்ணகிரி டாக்டர், "வந்துரும் சார், எல்லாருக்கும் வந்துருது" என்றார். எல்லாருக்கும் வந்தது. அவருக்கு வரவில்லை.

கல்லூரி திறந்ததும் சொல்லியிருக்கலாம். ஓய்வு வயதைத் தாண்டிய ஆளைத் தாளாளர் தமிழரசன் வருஷா வருஷம் நீட்டித்து வைத்திருந்தது அந்தப் பேருக்காகத்தான். சேர்க்கை விளம்பரத்திலேயே 'மணத்தாலேயே உப்பைக் கண்டறியும் பேராசிரியர்' என்று படம் போட்டிருந்தார்கள். ஆனால் வேலை போய்விடும் என்ற பயத்தைவிட இன்னொரு பயம் பெரிதாக இருந்தது. மூக்கு இல்லாத ஆஞ்சப்பன் யார் என்று அவருக்கே தெரியாது. சொல்லக் கூச்சப்பட்டார். ஒரு நாள் தள்ளியது ஒரு மாதமாயிற்று, மாதம் வருஷமாயிற்று.

விஷயம் தெரிந்தது இரண்டு பேருக்குத்தான். ஒருவர் மனைவி மாதேஸ்வரி. இன்னொருவர் ஆய்வக உதவியாளர் இலியாஸ். வேலைக்கு வந்த முதல் மாதமே இலியாஸ் கண்டுபிடித்துவிட்டார். ஒரு பெண் நீட்டிய சோதனைக் குழாயை மோந்துவிட்டு சார் பேந்தப் பேந்த விழித்ததைப் பார்த்தார். பின்னால் நின்றபடி, காதுக்கு மட்டும் கேட்கிற குரலில், "வினிகர் சார்" என்றார்.

அன்றிலிருந்து அதுவே ஏற்பாடு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. வினிகர் வாடை என்றால் இலியாஸ் காலரைச் சரிசெய்வார். அழுகிய முட்டை என்றால் இருமுவார். கருகிய சர்க்கரை என்றால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அம்மோனியா மட்டும் கண்ணை எரித்துத் தன்னைத்தானே சொல்லிக்கொண்டது. சார் கண்ணை மூடுவதுபோல் மூடி, ஓரக்கண்ணால் இலியாஸைப் பார்த்துவிட்டு, பதில் சொல்வார். வகுப்பு கைதட்டும். கிணறுகளுக்குப் போனாலும் இலியாஸ் கூடவே போனார். "சாருக்குத் தொணைக்குங்க" என்பார் கேட்டவர்களிடம்.

மாதேஸ்வரிக்கு இது பிடிக்கவே இல்லை. ஒரு நாள் மாலை அவள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வாசலிலேயே சமையல் கேஸ் நெடி முகத்தில் அறைந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. சார் அதே அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கொசுவர்த்திச் சுருளும் தீப்பெட்டியும் எடுத்து வைத்திருக்கிறார். அவள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். சிலிண்டர் குமிழை மூடினாள். வீட்டில் அவர்கள் கன்னடம் பேசுகிறவர்கள், ஆனால் கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ்தான் வரும்; புருஷனைக் கூப்பிடும் 'ரீ' மட்டும் கன்னடத்திலேயே நிற்கும்.

"ரீ, இன்னைக்கு நான் வந்தேன், பொழச்சீங்க. அங்க உங்க மூக்க நம்பி எவனாவது குழியில எறங்கறானே, அவனுக்கு யாரு ஜன்னல் தொறப்பா?"

"இலியாஸ் இருக்கான்ல."

"இலியாஸ் இல்லாத நாளு வரும்ரீ."

அவர் விடைத்தாள்களை அடுக்கினார். அன்று ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் தாளாளரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். விடிந்ததும் குளித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனார். சொல்லவில்லை.

இந்தக் கோடையில் கல்லூரியின் போர்வெல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்று வாங்கின. மாணவியர் விடுதிக்குப் பின்னால், அந்த நிலம் வயலாக இருந்த காலத்துக் கிணறு ஒன்று கிடந்தது. பலகை போட்டு மூடி, அதன்மேல் புதர் மண்டி, எல்லாரும் மறந்துபோன கிணறு. விடுதி மெஸ்ஸின் சாக்கடை அதை ஒட்டித்தான் ஓடுகிறது. வருஷக்கணக்காக அந்தக் கழிவு மண்ணுக்குள் ஊறிக் கிணற்றுக்குள்தான் கசிந்துகொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது, யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். பல்கலைக்கழகக் குழு திங்கட்கிழமை வருகிறது, அதற்குள் கிணற்றைத் தூர் வாரித் தண்ணீர் காட்ட வேண்டும் என்று தமிழரசன் ஒற்றைக் காலில் நின்றார்.

பாரூர்ப் பக்கத்திலிருந்து கரியப்பன் வந்தார். காலமெல்லாம் கிணற்று வேலையே செய்த ஆள். துணைக்கு மகன் இளம்பரிதி. ஆஞ்சப்பன் சாரிடம் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருப்பவன். அன்று வார லீவு. காலையிலேயே மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டார்கள். அடியில் கறுப்புச் சேறு மட்டும் பாக்கி.

வெள்ளிக்கிழமை மதியம். இலியாஸ் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். ஆய்வகச் சாவி எப்போதும்போல் அவர் சட்டைப் பையில் இருந்தது. அப்போதுதான் தாளாளரிடமிருந்து போன் வந்தது. "சார், கொஞ்சம் ஹாஸ்டல் பின்னாடி வந்துட்டுப் போங்க. ஆளுங்க காத்திருக்காங்க."

ஆஞ்சப்பன் கிளம்பினார். விடுதிச் சுவரைச் சுற்றி நடக்கும்போதே நடையை மெதுவாக்கினார். கிணற்றடியில் தமிழரசன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். கரியப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இளம்பரிதி சாரைப் பார்த்ததும் ஓடிவந்து கும்பிட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"யப்பா, நான் சொல்லுவேன்ல, எங்க சாருன்னு? இவருதான். டெஸ்ட் டியூப்ப தூரத்துல காட்டுனாலே போதும், உப்புப் பேரச் சொல்லிருவாரு."

"தெரியும்டா. எங்காளுங்க எல்லாருக்கும் சாரத் தெரியும்," என்றார் கரியப்பன். "சாரு சொல்லிட்டா ஒரு தைரியமுங்க."

ஆஞ்சப்பன் குனிந்தார். உள்ளே இருட்டு. கண்ணை மூடி மூச்சை இழுத்தார். வெறும் காற்று. மறுபடியும் இழுத்தார். மூக்கு என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. 

"ஒரு மாதிரி வாடை அடிக்குதுங்களே சார்," என்றார் கரியப்பன்.

என்ன மாதிரி வாடை? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். முட்டை அழுகின வாடையா, மலக்குழி வாடையா, வெறும் சேற்று வாடையா என்று கரியப்பனே சொல்லிவிடுவார். கேள்வி நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்கிற ஆஞ்சப்பனை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காகிதம் ஞாபகம் வந்தது. ஆய்வக அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. நூலில் கட்டி இறக்கினால் ஒரு நிமிஷத்து வேலை. சாவிதான் இல்லை.

"இலியாஸ் வந்துரட்டுமே," என்றார்.

தமிழரசன் வாய்விட்டுச் சிரித்தார். "இலியாஸ் எதுக்கு சார்? மூக்கு உங்ககிட்டதான இருக்கு?"

இளம்பரிதியும் கூடச் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை; தன் வாத்தியாரைப் பற்றிய பெருமையில் சிரித்த சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஆஞ்சப்பன் தோற்றுப்போனார். பக்கத்தில் ஓடும் சாக்கடையைப் பார்த்தார். அந்த வாடையாகத்தான் இருக்கும், வேறென்ன இருந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"மெஸ் சாக்கடை வாடைதான். எறங்கலாம்," என்றார்.

அவர் குரல் வழக்கம்போலவே இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னால் அவருக்கு உடம்பு கூசியது.

கரியப்பன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கவாட்டுப் படிக்கற்களில் கால் வைத்து இறங்கினார். அடிக்குப் போனதும் கயிறு காலில் சிக்குகிறது என்று அவிழ்த்துவிட்டார். "யப்பா, கட்டிக்கோ," என்று மகன் கத்தினான். "வேல ஓடாதுடா," என்று கீழிருந்து பதில் வந்தது. மண்வெட்டி சேற்றில் இறங்கியது. ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு. சேறு குமிழி விட்டது. அத்தனை வருஷமாக அடியில் அடைபட்டுக் கிடந்தது கிளம்பி மேலே வந்தது.

கரியப்பன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு களைத்துப்போனவர்போல் மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே முகம் குப்புறச் சரிந்தார்.

"யப்பா!" இளம்பரிதி விளிம்பில் பாய்ந்தான். "வெயில்ல மயங்கிட்டாரு. காலையில இருந்து டீ மட்டுந்தான் குடிச்சாரு." சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முதல் படிக்கல்லில் கால் வைத்துவிட்டான்.

ஆஞ்சப்பன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "எறங்காதடா! வெயில் இல்ல. விஷக் காத்து. நாலு மூச்சு இழுத்தா நீயும் போயிருவ."

"நீங்கதான சார் மோந்து பாத்தீங்க? எறங்கலாம்னு சொன்னீங்களே?"

"எனக்குத் தெரியல. எனக்கு மூக்கே இல்லடா இளம்பரிதி. கொரோனாவுல போயிருச்சு. எந்த வாடையும் தெரியாது. நான் சும்மா சொன்னேன்."

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். நம்பவில்லை. "என்னத் தடுக்கறதுக்காகப் பொய் சொல்றீங்க சார். போன வருசம் என் தங்கச்சி பிராக்டிகல்ல நீங்க மோந்து பாத்துதான் மார்க் போட்டீங்க. ஊரெல்லாம் சொல்லுதே. விடுங்க சார், அங்க எங்கப்பா கெடக்கறாரு." இன்னொரு படி இறங்கினான்.

"சார் பதட்டத்துல என்னமோ பேசறாரு," என்றார் தமிழரசன். அவர் முகம் வெளுத்துவிட்டிருந்தது. "நீ எறங்கித் தூக்குப்பா, சீக்கிரம். சாரே மோந்து பாத்துட்டாரு, ஒண்ணும் ஆகாது."

ஆயுசு முழுக்கச் சேர்த்த பேர் இப்போது தன் கையிலிருந்து ஒரு பையனைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் இழுப்பதை ஆஞ்சப்பன் உணர்ந்தார். புழுதியில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நான் பிராடுடா! மூணு வருசமா எல்லாரையும் ஏமாத்திட்டு இருக்கேன்!" என்று அலறினார். விடுதி ஜன்னல்களில் பெண்கள் முகங்கள் தெரிந்தன. சமையல்கட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். அவ்வளவு கத்தியும் அந்தப் பிள்ளை அவரைத்தான் நம்பினான். அவர் சொன்ன உண்மையை நம்பவில்லை. கையை உதறினான். அவருடைய பிடி நழுவத் தொடங்கியது.

சுவர் முனையில் இலியாஸ் வந்தார். தலையில் தொழுகைக் குல்லா இன்னும் இருந்தது. பாதி வழியிலேயே நின்று முகத்தைச் சுளித்தார். "முட்ட நாத்தம்! சார், சல்ஃபைடு! யாரும் எறங்காதீங்க!"

"இலியாஸ்!" ஆஞ்சப்பன் தலையை மட்டும் திருப்பினார். "இவன்கிட்டச் சொல்லு. யாரு மோந்து பாக்கறதுன்னு சொல்லு."

இலியாஸ் தாளாளரைப் பார்த்தார். தன் வேலையும் இதோடு போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு விளிம்புக்கு ஓடிவந்து இளம்பரிதியின் தோளைப் பிடித்தார். "நாந்தான் தம்பி. சாருக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தான் பின்னாடி நின்னு சொல்லுவேன். மேல வா, அல்லா மேல சத்தியமாச் சொல்றேன், மேல வந்துரு."

இளம்பரிதியின் கால் படியிலேயே நின்றுவிட்டது. அவனும் படித்தவன்தான், அந்த வாயு என்ன செய்யும் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். அவனுக்கும் மேலே வரும் நாற்றம் முன்பே தெரிந்திருந்தது. சார் சொல்லிவிட்டார் என்பதால் அதற்குச் சாக்கடை என்று பேர் வைத்திருந்தான். இருவரும் இழுக்க, மேலே வந்தான். வந்து விளிம்பிலேயே உட்கார்ந்து, காலியான கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கீழே பார்த்து "யப்பா, யப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். 

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடியும் முதுகில் சிலிண்டருமாக ஒருவர் இறங்கினார். கரியப்பனைக் கட்டி மேலே தூக்கிப் படுக்க வைத்தபோது, வந்திருந்த ஆம்புலன்ஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

தமிழரசன் ஆஞ்சப்பனைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். குரல் நடுங்கினாலும் கணக்குச் சரியாக வேலை செய்தது. "சார், போலீஸ் வருது. நீங்க இங்க வரவே இல்ல. அந்தாளாவே கேக்காம எறங்கிட்டான். புரியுதா? நீங்க கத்துனதெல்லாம் அதிர்ச்சியில கத்துனது. இலியாஸ்கிட்ட நான் பேசிக்கறேன்."

"நான் வந்தேன். எறங்கலாம்னு நான்தான் சொன்னேன்," என்றார் ஆஞ்சப்பன்.

"பைத்தியமா சார் உங்களுக்கு? காலேஜே போயிரும். நீங்க கட்டுன காலேஜு சார் இது."

அவர் நடந்து, குருபரப்பள்ளி ஸ்டேஷனிலிருந்து வந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றார். மூக்குப் போனதிலிருந்து ஆரம்பித்து, இறங்கலாம் என்றதுவரை ஒன்றுவிடாமல் சொன்னார். இலியாஸும் அவர் பக்கத்தில் வந்து நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். இதை எந்தச் செக்ஷனில் சேர்ப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. "ஜீப்புல போய் உக்காருங்க சார்," என்றார், மரியாதையாகவே.

ஜீப்புக்குப் போகிற வழியில்தான் கரியப்பனைக் கிடத்தியிருந்தார்கள். இளம்பரிதி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. ஆஞ்சப்பனின் கால்கள் தானாக நின்றன. அடிப்பான் என்று எதிர்பார்த்தார், அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தார். அவன் தலையை நிமிர்த்தினான்.

"எங்கப்பா வாடை அடிக்குதுன்னு சொன்னாரே சார். அப்ப, என்ன வாடைன்னு ஒரு வார்த்த அவர்கிட்ட ஏன் சார் கேக்கல?"

அவனிடம் இன்னொரு பொய் சொல்ல ஆஞ்சப்பனால் முடியவில்லை.

"கேட்டா நீங்க சிரிப்பீங்கன்னு நெனச்சேன்பா."

 இளம்பரிதி தன் சட்டையை எடுத்து, அப்பாவின் முகத்தில் ஒட்டிக் காயத் தொடங்கியிருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தான்.